கச்சான் காலத்தில் வீட்டுக் காற்று: முதல் காசை எதில் போடுவது?

வைகாசி, ஆனியில் கச்சான் என்கிற தென்மேல் பருவக்காற்று எழும்பிவிட்டால் திருகோணமலையில் கூட்டித் துடைத்து முடியாது. காலையில் துடைத்த யன்னல் விளிம்பில் பின்னேரம் மறுபடி செம்புழுதி படிந்திருக்கும். அன்புவழிபுரம், செல்வநாயகபுரம், கன்னியா என்று கிறவல் (செம்மண் சரளை) ஒழுங்கையை ஒட்டிய வீடாக இருந்தால் ஒரு டிப்பர் கடந்து போனாலே போதும். பிள்ளைகள் தும்முவார்கள், வயதானவர்களுக்கு இரவில் மூச்சு முட்டு எழும்பும். அப்போதுதான் வீட்டில் பேச்சுத் தொடங்குகிறது. கட்டாரில் இருக்கும் தம்பி, "காசு அனுப்புறன், காற்றைச் சுத்தப்படுத்துற மெஷின் ஒன்று வாங்குங்கோ அக்கா" என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் ஏசி பூட்டச் சொல்கிறார். அம்மம்மா யன்னலுக்கு ஈரச் சாக்குக் கட்டச் சொல்கிறா.

மூன்றிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் செய்ய எல்லாரிடமும் காசு இல்லை, எல்லா வீடும் ஒரே மாதிரி கட்டப்பட்டதும் இல்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்து வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு முதல் காசு போகவேண்டியது மெஷினுக்கு அல்ல, படுக்கிற ஒரே ஓர் அறைக்கு. அந்த அறையை இறுக்கிய பிறகுதான் மெஷினைப் பற்றி யோசிக்கலாம். வீட்டுக்குள்ளேயே புகை உண்டாகிற வீடென்றால் அதற்கும் முன்னால் அந்தப் புகையை நிறுத்த வேண்டும், அதற்குப் பெரிய செலவும் இல்லை.

ஏன் இந்த வரிசை என்பதை விளங்கிக்கொள்ள, எங்கள் காற்றில் வருவது இரண்டு விதம் என்பதைப் பார்க்க வேண்டும்.

முதலாவது கச்சான் புழுதி. தென்மேல் பருவக்காற்று தன் மழையை மேற்குக் கரையிலும் மலைநாட்டின் மேற்குச் சரிவிலும் கொட்டிவிட்டு, எங்கள் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடேறி வருகிறது. ஆனி, ஆடியில் திருகோணமலைப் பகல் 35 பாகையைத் தொடுவதும் அதனால்தான். குளங்கள் வற்றி, வயல் நிலம் பொடிந்து கிடக்கும் நேரத்தில் அந்தக் காற்று அடிக்கிறது. ஆவணி, புரட்டாதியில் தம்பலகாமம், கந்தளாய், மூதூர்ப் பக்கம் சிறுபோக வெட்டு மெஷின்கள் இறங்கினால் உமியும் தூசியும் அதோடு சேரும். இந்தப் புழுதியில் பெரும்பகுதி பருமனானது. கடற்கரை மணல் எழும்பினாலும் உடனே விழுந்துவிடும். கிறவல் பொடி அதைவிட நுணுக்கம் என்றாலும், காற்றசையாத அறைக்குள் வந்தால் அதன் பருமனான துகள்கள் சில நிமிடங்களிலேயே நிலத்தில் படிந்துவிடும்.

இரண்டாவது, வடகீழ்ப் பருவக்காற்று வீசும் வாடைக் காலத்துப் புகைமூட்டம். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வங்கக் கடலில் நின்றபோது, இந்தியப் பக்கத்து மாசுக் காற்று இலங்கைக்கு இழுபட்டு வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். டிசம்பர் 9ஆம் திகதி நாடெங்கும் பாடசாலைகளை மூடினார்கள். அதே நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் குளிர் தாங்காமல் மாடுகள் செத்து விழுந்தன. அந்தக் காற்றில் யன்னல் விளிம்பில் தடவிப் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை, வானம் மட்டும் சாம்பல் நிறமாக நின்றது. அதில் இருந்தது 2.5 மைக்ரோனுக்கும் குறைந்த நுண்துகள். தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மைக்ரோன் அளவுத் துகள் மூடிய அறையில் நிலத்துக்கு இறங்க மணிக்கணக்கு எடுக்கும். நுரையீரலின் அடிவரை போவதும் அதுதான்.

நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த 24 மணி நேர எல்லை ஒரு கன மீற்றருக்கு 15 மைக்ரோகிராம். இலங்கையின் 2008ஆம் ஆண்டு விதி 50 வரை விடுகிறது. பருமனான துகளையும் சேர்த்த 10 மைக்ரோன் கணக்கில் இவை முறையே 45, 100. ஆகவே நாட்டு எல்லைக்குள் இருக்கிறது என்று செய்தியில் சொன்னாலும், ஆஸ்துமா உள்ள பிள்ளையின் வீட்டில் அதைக் கேட்டு ஆறுதல்பட முடியாது.

பருமனான புழுதியை மூடியும் ஈரத்தாலும் மறிக்கலாம். நுண்துகளை வடிகட்டி மட்டுமே பிடிக்கும். எந்த வழியைத் தெரிவு செய்தாலும் இந்த வேறுபாட்டை மனதில் வைத்தே செய்யவேண்டும்.

வளைகுடாவிலிருந்து வரும் புத்திமதி

கிண்ணியா, மூதூர், நிலாவெளி என்று எந்த ஊரை எடுத்தாலும் குவைத்திலோ கட்டாரிலோ வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள். அங்கு அடிக்கும் புழுதிப் புயலைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். 2022 மே மாதத்தில் ஈராக்கில் ஒரே புயலில் 5,000 பேருக்கு மேல் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். "எல்லாத்தையும் பூட்டிப்போட்டு ஏசியைப் போடுங்கோ" என்று அவர்கள் சொல்வது அந்த அனுபவத்தில்தான். அங்கே அது சரி, ஏனென்றால் அங்குள்ள அடுக்குமாடி வீடு பூட்டினால் பூட்டியதுதான். எங்கள் வீடுகள் காற்றோட்டத்துக்காகவே கட்டப்பட்டவை. கூரைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி, யன்னலுக்கு மேலே காற்றுத் துவாரம், ஓட்டுக்குக் கீழே சீலிங் இல்லை. யன்னலைச் சாத்திவிட்டு மேலே பார்த்தால் ஓட்டு இடுக்கால் வெளிச்சம் தெரியும். வெளிச்சம் வருகிற வழியால் புழுதியும் வரும். முழு வீட்டையும் பூட்ட நினைப்பது நடக்காத காரியம், 35 பாகை வெயிலில் அது ஆபத்தும்கூட. கைக்குழந்தையையும் வயதானவரையும் காற்றில்லாத வீட்டுக்குள் அடைத்தால் புழுதியைவிட வெக்கை கெடுதல் செய்யும்.

சாத்துவது என்றால் எதைச் சாத்துவது

கச்சான் மேற்கிலும் தென்மேற்கிலுமிருந்து வருகிறது. ஆகவே மேற்குப் பக்கத்தையும் தெற்குப் பக்கத்தையும் சாத்தி, கிழக்கு, வடக்கு யன்னல்களைத் திறந்து விடலாம். காற்று அடிக்கிற பக்கம் அமுக்கம் கூடி, மறைவுப் பக்கம் குறையும். அதனால் மறைவுப் பக்கத்து யன்னல் வீட்டுக் காற்றை வெளியே இழுக்குமே தவிரப் புழுதியை அள்ளிக் கொட்டாது. பழைய ஆட்கள் "பிள்ளை, மேற்கால யன்னலைச் சாத்து" என்று சொன்னதில் இந்தக் கணக்கு அப்படியே இருக்கிறது. எட்டு யன்னலையும் அடித்துச் சாத்துவதைவிட இது எவ்வளவோ மேல், செலவும் இல்லை. வாடைக் காலத்தில் திசை மாறுவதால் பக்கமும் மாறும். ஆனால் புகைமூட்ட நாளில் எந்தப் பக்கம் திறந்தாலும் நுண்துகள் வரும்.

இனி அந்த ஓர் அறை. பிள்ளையோ நோயாளியோ படுக்கிற அறையைத் தெரிவு செய்யுங்கள். கூடுமானால் மேற்குச் சுவர் இல்லாத அறை, கட்டாயமாகக் குசினியோடு ஒட்டாத அறை. யன்னல் பலகை சட்டத்தோடு சேரும் இடத்தில் ஹாட்வெயார் கடையில் விற்கும் ஸ்பொஞ் பட்டியை ஒட்டுங்கள். கதவின் கீழ் இடைவெளிக்குப் பழைய சாரத்தை உருட்டி வைத்தால் போதும். காற்றுத் துவாரத்துக்கு நுண்வலை அடித்து, அதன்மேல் கழற்றித் துவைக்கக்கூடிய துணி போடலாம். சீலிங் இல்லாத அறைக்கு நல்ல வழி சீலிங் அடிப்பதுதான். அதற்கு வசதி இல்லாவிட்டால் நெருக்கமாக நெய்த பருத்தித் துணியை இறுக்கி மேற்கட்டியாகக் கட்டலாம். பருமனான புழுதி அதில் தங்கும், ஆனால் மாதம் ஒரு தடவையாவது இறக்கித் துவைக்காவிட்டால் அதுவே புழுதி மூட்டையாகிவிடும்.

கூரை அஸ்பெஸ்டோஸ் தகடாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. இடைவெளி அடைக்கிறோம் என்று தகட்டை வெட்டவோ துளைக்கவோ கம்பித் தூரிகையால் தேய்க்கவோ வேண்டாம். அதன் நார்த்தூள் கிறவல் புழுதியைவிடப் பன்மடங்கு கெட்டது. மேசனிடமும் முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

சீலிங் அடிப்பதைத் தவிர இந்த வேலைகளுக்கு ஆகும் செலவு நல்ல மெஷின் ஒன்றின் விலையில் சிறு பங்குதான். கச்சான் புழுதிக்கு இதன் பலன் அடுத்த நாளே யன்னல் விளிம்பில் தெரியும். புகைமூட்ட நாளுக்கு இது மட்டும் போதாது. நுண்துகள் சிறு இடுக்காலும் நுழையும், நுழைந்தால் இலேசில் படியாது.

ஈரச் சாக்கு

அம்மம்மாவின் யோசனைக்கு வருவோம். ஈரச் சாக்கோ தடித்த துணியோ கச்சான் காலத்தில் நன்றாகவே வேலை செய்கிறது. காற்று காய்ந்திருப்பதால் ஈரம் வேகமாக ஆவியாகி அறை குளிரும், பருமனான புழுதியும் துணியில் ஒட்டும். மேற்கு யன்னல் ஒன்றைத் திறந்தே ஆகவேண்டிய வீட்டுக்கு இதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் துணி காய்ந்துவிட்டால் பிடித்த புழுதியைக் காற்று மறுபடி உள்ளே தள்ளும். நாளில் பல தடவை நனைக்கவும், இரவில் அலசவும் வீட்டில் ஆள் வேண்டும். நனைக்கத் தண்ணீர் பிடித்து வைக்கும் வாளியை மூடி வையுங்கள். 2017இல் டெங்கு கிண்ணியாவை என்ன பாடு படுத்தியது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மார்கழியில் இந்த வேலையே கூடாது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும்போது சுவரில் பூஞ்சணம் பிடிக்கும், அது முட்டுக்காரருக்கு இன்னொரு தொல்லை. நுண்துகளையும் ஈரத்துணி தடுக்காது.

ஏசி

ஏசி வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே தருகிறது என்று பலர் நம்புகிறார்கள். நாங்கள் வீட்டுக்குப் பூட்டுகிற வகை அப்படிச் செய்வதில்லை. அறைக் காற்றையே இழுத்துக் குளிராக்கித் திருப்பி விடுகிறது. முன் மூடியைத் திறந்தால் தெரியும் வலை நூலையும் பெருந்தூசியையும் பிடிக்கும், புகையை விட்டுவிடும்.

ஆனாலும் ஏசியால் ஒரு பெரிய உதவி உண்டு: வெக்கையில் அறையை மூடி வைக்க அது வழி செய்கிறது. பக்கத்து வீட்டில் தும்மல் குறைந்தது அதனால்தான், ஏசி காற்றைக் கழுவியதால் அல்ல. ஆகவே இடைவெளி அடைத்த அறையில் ஏசி பலன் தரும். கூரை இடுக்குத் திறந்திருக்கும் அறையில் மின்சார பில்லை மட்டும் ஏற்றும். ஒரு குதிரைவலு ஏசி முழுவேகத்தில் ஓடினால் மணிக்கு ஒரு யூனிட் அளவு எடுக்கும். எங்கள் மின் கட்டணம் யூனிட் கூடக்கூட விலையும் ஏறுகிற படிநிலைக் கட்டணம் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். கச்சான் காலத்தில் வலையை வாரம் ஒரு தடவை கழற்றிக் கழுவ வேண்டும். நாள் முழுக்க மூடிய அறையில் பலர் இருந்தால் தலை பாரமாகும், இடையிடையே காற்று அடங்கிய நேரம் பார்த்து மறைவுப் பக்கத்து யன்னலைக் கொஞ்சம் திறந்து விடுங்கள்.

காற்றுச் சுத்திகரிப்பு மெஷின்

நுண்துகளை உண்மையில் பிடிக்கிறது இதுதான். இதற்குள் இருக்கும் ஹெப்பா என்கிற மிக நுணுக்கமான வடிகட்டி 0.3 மைக்ரோன் துகளில்கூட 99.97 வீதத்தைப் பிடிக்கும். மின்சாரமும் கொஞ்சம்தான், 50 வாட் மெஷின் 20 மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். புகைமூட்ட நாளில், மூடிய அறையில், இதற்கு ஈடாக வேறொன்றும் இல்லை.

சரி, எந்த அளவு வாங்குவது? பெட்டியில் மணிக்கு இத்தனை கன மீற்றர் சுத்தக் காற்று என்று ஓர் எண் இருக்கும். அதைப் பாருங்கள், மற்ற விளம்பர வார்த்தைகளை விடுங்கள். 12க்கு 10 அடி அறை, உயரம் 10 அடி என்றால் 1,200 கன அடி, அதாவது ஏறக்குறைய 34 கன மீற்றர். மணிக்கு ஐந்து தடவை அந்தக் காற்று வடிகட்டியால் போய்வர வேண்டும் என்றால் 170 தேவை. 170 அளவு மெஷினை முழுவேகத்தில் விட்டால் அது போடுகிற சத்தத்தில் நித்திரை வராது, அதனால் 250 அளவில் ஒன்றை வாங்கி நடு வேகத்தில் விடுவது நல்லது. அதே மெஷினைச் சீலிங் இல்லாத 20க்கு 15 அடி விறாந்தையில் வைத்தால், கொள்ளளவு இரண்டரை மடங்குக்கு மேல், அதோடு மேலால் புதுக் காற்று வந்துகொண்டே இருக்கும். அங்கே மெஷின் ஓடும், காற்று மாறாது. அறையை முதலில் இறுக்கச் சொல்வது இதனால்தான்.

கச்சான் புழுதிக்கு மட்டும் இதை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. பருமனான புழுதி மெஷினுக்குப் போய்ச் சேர முன்பே கட்டிலிலும் நிலத்திலும் படிந்துவிடும். மீதி முன் வலையை அடைத்து, வடிகட்டியின் ஆயுளைக் குறைக்கும். வாங்கும் முன் மாற்று வடிகட்டி இலங்கையில் கிடைக்குமா, அதன் விலை என்ன என்று கேளுங்கள். வடிகட்டி கிடைக்காத மலிவு மெஷின் ஒரு வருடத்தில் மூலையில் கிடக்கும். ஓசோன் விடுகிற வகையை வாங்கவே வேண்டாம். ஓசோன் மூச்சுக் குழாயை உறுத்தும், ஆஸ்துமாக்காரருக்கு அது நேரடிக் கேடு.

2020இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசென்தால் இருவரும் பெட்டி விசிறியோடு நாலைந்து வடிகட்டியை டேப்பால் ஒட்டிச் செய்த மெஷின் உலகெங்கும் பரவியது. நல்ல யோசனைதான். ஆனால் இங்கே சாதாரணமாக இருப்பது வட்ட விசிறி, அந்த வடிகட்டிகளும் கடையில் சும்மா கிடைப்பதில்லை. கைவேலை தெரிந்தவர் செய்து பார்க்கலாம், மற்றவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

காற்றிலுள்ள துகளை அளக்கும் சிறிய அளவுமானி வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. அந்த மலிவுக் கருவிகள் நுண்துகளை ஓரளவு காட்டும், பருமனான புழுதியைக் குறைத்தே காட்டும். கச்சான் நாளில் மேசை செம்புழுதியாக இருக்க, மானி பச்சை காட்டும். மேசையை நம்புங்கள். கடலோரத்தில் ஈரம் கூடிய இரவில் அது தேவையில்லாமல் ஏறியும் காட்டும்.

வீட்டுக்குள்ளே உண்டாகும் புகை

வெளிப்புழுதிக்கு இத்தனை யோசித்துவிட்டு, பின்னேரம் ஆறு மணிக்குக் கதவைச் சாத்தி நுளம்புத்திரி கொளுத்தினால் செய்த அத்தனையும் வீண். 2003இல் வெளியான ஓர் ஆய்வின்படி ஒரு நுளம்புத்திரி எரிந்து முடிய விடுகிற நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் விடுகிற அளவு. அதுவும் அந்தச் சிறிய அறைக்குள். நுளம்பு வலை கட்டுங்கள். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது என்பதால் பகலில் தூங்கும் குழந்தைக்கும் வலை வேண்டும். சாம்பிராணியை விட மனமில்லை என்றால் வாசலோடு காட்டிவிட்டு வெளியே வைக்கலாம், பிள்ளை படுக்கும் அறைக்குக் கொண்டு போக வேண்டாம்.

விறகு அடுப்பு உள்ள வீட்டுக்கு இன்னொரு விஷயம், இது உயிர் சம்பந்தப்பட்டது. புழுதிக்காகக் குசினி யன்னலை அடைக்கக் கூடாது. விறகு எரியும்போது வரும் காபன் மொனொக்சைட் ஆளைக் கொல்லும் வாயு, அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குசினி எப்போதும் திறந்திருக்கட்டும், குசினிக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள கதவைச் சாத்துங்கள். கரண்ட் போகும்போது ஜெனரேட்டரை விறாந்தையில் ஓட விடுவதும் அதே ஆபத்துத்தான்.

துடைக்கிற விதமும் காசில்லாத ஒரு தெரிவு. தும்புத்தடியால் காய்ந்த நிலத்தைக் கூட்டினால் படிந்த புழுதி மூக்கு உயரத்துக்கு மறுபடி எழும்பும். ஈரத் துணியால் துடைத்தால் துணியோடு போய்விடும். சீலிங் பேனை நிறுத்திப் பாருங்கள், இலையின் முன் விளிம்பில் மட்டும் கறுப்பாகப் படை கட்டியிருக்கும். பழைய தலையணை உறையை ஈரமாக்கி, இலையை உறைக்குள் விட்டு அழுத்தி இழுத்தால் அழுக்கு முழுவதும் உறைக்குள் தங்கும், கட்டிலில் கொட்டாது. முட்டு உள்ளவர் துடைக்கும் வேலையைச் செய்யக்கூடாது. செய்பவர் என்95 முகக்கவசம் போடட்டும், நீல நிறச் சாதாரண முகக்கவசத்தில் பக்கவாட்டால் காற்று போய்வரும்.

வளவையும் ஒரு பார்வை பார்க்கலாம். மேற்கு எல்லையில் கம்பி வேலி புழுதியை மறிக்காது, கிடுகு வேலி மறிக்கும். கிளுவை வரட்சியில் இலை உதிர்த்துவிடும், பூவரசும் வேம்பும் நின்றுபிடிக்கும். அறைக்குள் வைக்கும் சாடிச் செடிகள் காற்றைச் சுத்தமாக்கும் என்பதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

இனி யார் எதைத் தெரிவு செய்வது? கிறவல் ஒழுங்கையில் ஓட்டு வீடு, கடுமையான நோயாளி யாரும் இல்லை என்றால் மேற்குப் பக்கம் சாத்தல், ஈரத் துடைப்பு, இறுக்கிய ஓர் அறை போதும், மெஷின் தேவையில்லை. நகரத்துக்குள் சிலாப் போட்ட வீடு, ஏசி அறை ஏற்கெனவே இருக்கிறது, பிள்ளைக்கு ஆஸ்துமா என்றால் அடுத்த காசு தயங்காமல் மெஷினுக்கு. சீலிங் இல்லாத வீட்டில் ஆஸ்துமாப் பிள்ளை இருந்தால் கட்டார்த் தம்பியின் காசில் முதலில் அந்த அறைக்குச் சீலிங், மீதிக்குச் சிறிய மெஷின். வயதானவர் ஒருவர் தனியாக, கரண்ட் அடிக்கடி போகும் இடத்தில் இருக்கிறார் என்றால் அவரை மூடிய அறைக்குள் விடுவதைவிட மறைவுப் பக்கத்து விறாந்தையில் இருத்துவது நல்லது.

கச்சான் தொடங்க முன்பே, சித்திரையில், கிளினிக்கில் இன்ஹேலரைச் சரிபார்த்து, மருந்து இருப்பும் திகதியும் பார்த்து வையுங்கள். இன்ஹேலர் எடுத்தும் மூச்சு இறங்கவில்லை, பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் யன்னலையும் மெஷினையும் விட்டுவிட்டு 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.